மறு: கோல்ஃப் திடலும் ‘விண்டரைசேஷ’னும் – ஒரு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களே,

இழையைத் தொடங்கி வைத்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். அதற்குள் பதினேழு மடல்கள் குவிந்துவிட்டன. அவற்றில் ஆறு, கோல்ஃப் என்பதைக் குழிப்பந்தாட்டம் என்று எழுத வேண்டுமா என்ற பழைய சண்டை. அதற்குள் நான் இறங்கவில்லை. என் கேள்வி வேறு.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: திடல் பராமரிப்பவர்களுக்கான ஒரு பயிற்சிக் காணொளிக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். பார்க்கப் போகிறவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு, ஊட்டிக்காரர்களும் உண்டு. கடைசிப் பகுதி முழுக்க, கடுங்குளிர் நாடுகளில் பனிக்காலம் வருமுன் திடலைத் தயார்செய்து மூடுவது பற்றி. ‘விண்டரைசேஷன்’ என்ற ஒரே சொல்லை அதில் முப்பது தடவையாவது சொல்கிறார்கள். நந்தனம் மாதிரி நகரின் நடுவே கோல்ஃப் விளையாடுகிற ஊர் நம்முடையது. ஆனால் தை மாதத்தில்கூட இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். இங்கே குளிர் வந்ததற்கு ஒரே சாட்சி, குளியலறையில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய்க் குப்பி. இல்லாத குளிருக்குச் சொல் தேடுவதுதான் சிக்கல்.

வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> குளிர்காலமாக்கல் என்று போட்டுவிட்டுப் போங்களேன். கணினிமயமாக்கலை ஏற்றுக்கொள்ளவில்லையா?

ஐயா, ஏற்றுக்கொண்டோம். ஆனால் ‘குளிர்காலமாக்கப்பட்ட திடல்’ என்று திரையில் ஓடினால், யாரோ திடலுக்கு ஏசி போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. குளிர்காலம் தானாக வருகிறது. அது வந்து போவதற்குள் புல்லும் குழாயும் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

> பனிக்காப்பு. சுருக்கமாக இருக்கிறது, கேட்டதும் புரிகிறது.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இரண்டு இடத்தில் இடறியது. சந்தனக்காப்பு என்றால் சந்தனத்தால் மூடுவது. வெண்ணெய்க்காப்பு என்றால் வெண்ணெயால் மூடுவது. அப்படியானால் பனிக்காப்பு? திடல் முழுக்கப் பனியைச் சாத்தி அலங்காரம் செய்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, சென்னையில் ‘பனி’ என்றால் தலையில் இறங்குகிற பனி. ‘பனிக்காப்பு’ என்று சொன்னதும் என் வீட்டில் மார்கழி விடியலில் கோலம் போட இறங்குகிற அம்மாவின் தலையில் கட்டிய மப்ளர்தான் கண்ணில் வந்தது. ஊட்டிக்காரர்கள் நம்மைவிடத் தெளிவு. ஐப்பசியில் விழுவதை நீர்ப்பனி என்றும், அப்புறம் புல்மேல் வெள்ளையாகப் படிவதை உறைபனி என்றும் பிரித்தே பேசுகிறார்கள். அங்கே தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைப்பது வழக்கம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற உண்மையான உதாரணம் அதுதான். ஆனால் அவர்களும் ‘மூடி வைக்கிறது’ என்பதற்கு மேல் தனிச்சொல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதுதான் என்னைப் பனிக்காப்பிலிருந்து முழுசாக விலக்கியது. அந்தத் திடல்களில் பனிப்பொழிவு எதிரியே இல்லை. தரைமேல் கிடக்கிற மென்பனி ஒரு கம்பளி மாதிரி. அடியில் இருக்கும் புல்லைக் கடுங்குளிரிலிருந்து அதுவே காக்கிறது. கெடுப்பது மற்றவை. ஒன்று வறண்ட காற்று: மண் உறைந்து கிடப்பதால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது, மேலே காற்றோ இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், புல் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். கிரீன்கள்மேல் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) துணி விரிப்பதும், மணலைக் கனமாகத் தூவி விடுவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். இரண்டாவது பனிக்கட்டி: வாரக்கணக்கில் பாளமாக மூடிக்கொண்டால் அடியில் புல்லுக்கு மூச்சு முட்டும். மூன்றாவது, இடையில் ஒருநாள் வெயிலடித்து உருகி, புல்லின் அடிக்குருத்து நீரைக் குடித்து ஊறிய நேரத்தில் மறுபடி உறைவது. உள்ளே இருக்கும் நீர் உறைந்து குருத்தைக் கிழித்துவிடும். பனிக்கு அடியில் வளரும் பூசணம் தனி. அதற்கு மருந்தைப் பனி விழுமுன்பே தெளித்துவிட வேண்டும்; விழுந்த பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆக, ‘பனியிலிருந்து காப்பு’ என்ற பொருளே பாதி தப்பு.

> வெப்பக்காப்பு இருக்கிறதே, அதே வாய்பாட்டில் குளிர்காப்பு?

வெப்பக்காப்பு என்பதை வெப்பம் கடக்காமல் தடுக்கும் பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். குளிர்காப்பு என்றால் ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் என்று நினைப்பார்கள்.

> குளிர்கால அடைப்பு. கடையடைப்பு, கதவடைப்பு மாதிரி.

இதை எழுதிய தம்பிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை, நகரத்துத் திடல் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிற தோட்டக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். என் வரைவை அவரிடம் வாசித்துக் காட்டினேன். “குளிர்காலத்துக்கு முன் குழாய்களின் அடைப்பு வேலையை முடிக்கவும்” என்றதும் நிறுத்தச் சொன்னார். “அடைப்புன்னா கம்பி விட்டுக் குத்தணும் சார். இல்லைன்னா மூடியைக் கழட்டிட்டுத் தண்ணியைத் தொறந்து விடுங்க, அடிச்சுக்கிட்டு வந்துடும்.” உறைபனிக்கு முன்னால் குழாயில் ஒரு சொட்டு நீர் இருக்கக் கூடாது என்று சொல்ல வந்த வரிக்கு, தண்ணீரைத் திறந்துவிடு என்று பொருள் வந்துவிட்டது. அத்தோடு அடைப்பைக் கைவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். கிரீன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் நுழைத்துப் புல்லில் ஒரு கொடியை உருவிக் காட்டினார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர். “இது என்ன புல் தெரியுதா?” பெர்முடா என்றேன், படித்த திமிரில். “அறுகு சார். பிள்ளையாருக்குப் போடுறது.” சரிதான், உலகம் முழுக்க வெப்பநாட்டுத் திடல்களில் பெர்முடா என்ற பெயரில் விரித்திருப்பது நம் அறுகின் இனம்தான். மண் 10 பாகைக்குக் கீழே போனால் அது பழுப்பாகி உறங்கிவிடும். சென்னையில் அந்த அளவுக்குக் குளிர்ந்ததே கிடையாது, ஆகவே இங்கே அறுகுக்கு உறக்கமும் கிடையாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பழுத்துக் கிடக்கிற அறுகின்மேலேயே குளிர்ப்புல் விதையைத் தூவி, பச்சையாகக் காட்டிக்கொள்வார்கள். இன்னும் வடக்கே போனால் அறுகு தாங்காது. வேறு புல், வேறு வைத்தியம்.

“உங்களுக்கு இங்கே மூடுற வேலையே கிடையாதா அண்ணே?” என்று கேட்டேன். சிரித்தார். “ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி வந்து பாருங்க.” வாய்க்காலில் தூர் வாருவது, பங்கர் என்கிற மணற்பள்ளத்தில் மணல் அரித்துப் போகாமல் விளிம்பு கட்டுவது, தரையில் துளை போட்டு மணல் நிரப்புவது, காற்றுக்கு விழக்கூடிய கிளையைக் கழிப்பது, பம்பு மோட்டாரை உயரத்தில் ஏற்றுவது. வடகிழக்குப் பருவமழைதான் நமக்குக் குளிர்காலம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் பார்த்தவர்களுக்கு ‘ஒரு பருவத்துக்கு முன் ஒரு இடத்தைத் தயார் செய்வது’ என்றால் என்னவென்று யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

இதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றேன். “மழைக்கு ஏறக்கட்டுறது.”

அன்று இரவெல்லாம் ‘ஏறக்கட்டல்’ என்றே சுற்றிக்கொண்டிருந்தேன். உயிருள்ள சொல், தொழிலாளி வாயில் புழங்குகிற சொல். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது தெளிந்துவிட்டது: கடையை ஏறக்கட்டுகிறவன் திரும்பி வருவதில்லை. ‘திடலை ஏறக்கட்டினார்கள்’ என்றால் அடுத்த மாதம் அங்கே அடுக்குமாடி வரும் என்றுதான் அர்த்தம். காசிமேட்டைச் சொல்லி ‘தடைக்காலப் பணி’ என்று எழுதிய அக்காவின் யோசனை இதைவிடத் தேவலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, வண்ணமடித்து மறுபடி இறக்குகிறார்கள். திரும்பி வருவது அதிலேயே இருக்கிறது. ஆனால் அது அரசு போட்ட தடை. திடலை மூடுவது அப்படியில்லை.

அப்போதுதான் கோவை நண்பர் போகிறபோக்கில் எழுதிய ஒருவரி மறுபடி கண்ணில் பட்டது.

> எங்கள் ஊரில் போகியன்று வீட்டுக்கும் தொழுவத்துக்கும் காப்புக் கட்டுவோம். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கூரை இறவாணத்தில் செருகுகிற அந்தக் காப்புக்கட்டு. கோயில் திருவிழாவில் கட்டுவதும் உண்டு. மேலே காப்பு ‘சாத்துவது’ பற்றிச் சொன்னேன் அல்லவா, ‘கட்டுவது’ வேறு. சாத்துவது மேற்பூச்சு. கட்டுவது காவல். வினை மாறினால் பெயரின் பொருளும் மாறிவிடுகிறது, குழப்பமே இல்லை.

அதைவிடப் பெரிய வசதி, காப்புக்கட்டுக்கு ஒரு முடிவு உண்டு. காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை சில கட்டுப்பாடுகள்: ஊரைவிட்டுப் போகக் கூடாது, அது கூடாது, இது கூடாது. விழா முடிந்ததும் காப்பு அவிழ்ப்பு. கனடா மாதிரி இடங்களில் இலையுதிர் காலக் கடைசியில் மூடிய திடலை வசந்தத்தில் துணி அகற்றி, குழாயில் மெல்ல நீர் ஏற்றித் திறக்கிறார்கள். அந்தத் திறப்புக்குத் தனியாக ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன். ‘காப்பு அவிழ்ப்பு’ கேட்காமலே கூட வந்துவிட்டது. ஜோடியாகக் கிடைக்கிற சொல் அபூர்வம்.

தோட்டக்காரரிடம் நேற்று போனில் சொன்னேன். “காப்புக் கட்டிட்டா ஒருத்தனும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதானே?” என்றார். அதேதான். உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இலைக்குள் உறைந்த செல்கள் நொறுங்கிவிடும். வெயில் ஏறியதும் காலடித் தடம் கறுத்துத் தெரியும். விளக்கப்படம் இல்லாமலே அந்த வரி அவருக்குப் புரிந்துவிட்டது.

இனி வரப்போகிற ஆட்சேபம் எனக்குத் தெரியும். கோயில் வாடை அடிக்கிறது, தொழில்நுட்ப நூலுக்கு ஆகாது என்று ஓரிருவர் எழுதுவார்கள். காப்பீடு, காப்புரிமை, பாதுகாப்பு மூன்றிலும் இருப்பது அதே காப்பு. அங்கே கற்பூர வாசனை வரவில்லை.

குழாய் வேலையை மட்டும் இதற்குள் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே நடப்பது காவல் இல்லை, வடிப்பது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும், குழாய் பிளந்துவிடும். அதனால் கம்ப்ரசரை இணைத்து, தூரத்திலும் மேட்டிலும் இருக்கிற தெளிப்பானில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை ஊதுகிறார்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சும், அப்புறம் காற்றும் நீருமாகத் துப்பும், கடைசியில் வெறும் புகை மாதிரி வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும். விடாமல் ஊதினால் ஈரம் இல்லாமல் உள்ளே பற்சக்கரம் சூடாகி உருகிவிடும். அழுத்தத்தை அதிகமாக வைத்தால் பனி வருவதற்குள் நாமே குழாயை உடைத்த மாதிரி. இதற்கு ‘ஒட்டவடிப்பு’ என்று வைத்திருக்கிறேன். ஒட்டத் துடைப்பது, ஒட்டக் கறப்பது எல்லாம் நாம் சொல்வதுதானே. ‘ஊதிவடிப்பு’ இன்னும் நேரடியாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் சில இடங்களில் காற்று ஊதாமல் சரிவிலேயே வடியவிடுகிறார்கள், அதற்கும் சேர்த்து ‘ஒட்டவடிப்பு’ பொருந்தும்.

எண்ணெய் ஆலையில் ‘விண்டரைசேஷன்’ என்றால் வேறு பொருளாயிற்றே என்று கேட்ட நண்பர் கவலைப்பட வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயைக் குளிரவைத்து மெழுகைப் பிரித்தெடுப்பதற்கும் அவர்கள் அதே ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குக் காப்புக் கட்டச் சொல்ல மாட்டேன். அங்கே ‘மெழுகு நீக்கம்’ போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே முதல் வரியில் ‘குளிர்காலக் காப்புக்கட்டு’, பிறகு வெறும் ‘காப்புக்கட்டு’, முடிவுக்குக் ‘காப்பு அவிழ்ப்பு’, குழாய்க்கு ‘ஒட்டவடிப்பு’, பூசணத்துக்குப் ‘பனிப்பூசணம்’. வியாழன் மாலை கோப்பை ஒப்படைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயராக வரும்போது ‘காப்புக்கட்டு’ என்று சேர்த்து எழுதுகிறேன். ‘திடலுக்குக் காப்புக் கட்டவும்’ என்று ஏவலாக வரும்போது நடுவில் க் வேண்டுமா, வேண்டாமா? திருவிழா அழைப்பிதழ்கள் நாலைந்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.