மறுமொழி: ‘லர்க்கர்’ என்பதற்கு ‘நோக்கர்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குழுவில் சேருவார், வருகிற எல்லாவற்றையும் படிப்பார், ஒரு வரிகூட எழுதமாட்டார். இவரைத்தான் லர்க்கர் என்கிறார்கள். இவருக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டதும் இத்தனை பேர் யோசித்து எழுதியிருப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. தனித்தனியே பதில் போடுவதைவிட ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இதற்குப் போய் ஒரு கலைச்சொல் தேவையா? ‘எழுதாமல் இருப்பவர்’ என்றால் யாருக்கும் புரியுமே.

பேச்சுக்கு அது போதும். எனக்குச் சொல் தேவைப்படுவது மதிப்பீட்டுப் படிவத்தில். வாட்ஸ்அப் குழு, மூடிய முகநூல் குழு, எல்லாரும் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் என்று எதை வகுப்புக்குள் கொண்டுவந்தாலும் ‘பங்கேற்பு’ என்றொரு கட்டம் கூடவே வந்துவிடுகிறது. எத்தனை செய்தி, எத்தனை மறுமொழி என்று எண்ணி அதை நிரப்புகிறோம். எழுதாதவருக்குச் சுழியம். ஆங்கிலச் சொல்லும் அதற்குத் துணைபோகிறது. மறைவில் பதுங்கிக் காத்திருப்பது என்பதே அதன் பழைய பொருள். அந்தப் பெயரோடு ஒரு மாணவரைப் பார்த்தால் ஆசிரியருக்கு அவர்மேல் ஐயம்தான் வரும். ‘பதுங்கர்’, ‘ஒளிவாசகர்’ இரண்டையும் நான் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே. ஒளி என்றால் வெளிச்சமா, மறைவா என்ற குழப்பம் வேறு.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தமிழைப் புதிதாகக் கற்கிறவர்களை நெடுநாள் அலைக்கழிக்கும் சொல் ‘பிடிக்கும்’. விரும்புகிற ஆளே எழுவாயாக வரும் மொழியில் பழகியவர்கள் ‘நான் மழை பிடிக்கும்’ என்றுதான் எழுதுவார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் அப்படி எழுதினார். எல்லார் கண்முன்னும் பிழையைச் சுட்டித் திருத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். அதனால், “அப்படியா, உங்களுக்கு மழை பிடிக்குமா? எனக்கும் பிடிக்கும்” என்று பதில் போட்டேன். இன்னொருவர் “எனக்கு வெயில் பிடிக்கும்” என்று தொடர்ந்தார். முதலில் எழுதியவர் அடுத்த நாளும் உற்சாகமாக “நான் பாட்டு பிடிக்கும்” என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் எழுதிக்கொண்டே இருக்கிறவர், வந்துவிடுவார்.

அதே குழுவில், சேர்ந்த நாள் முதல் ஒரு சொல்லும் எழுதாத மாணவி ஒருவர் இருந்தார். சில வாரம் கழித்து அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது: “எனக்கு இரவில் நடக்கப் பிடிக்கும். ஆனால் தனியாக நடக்கப் பிடிக்காது.” நான்காம் வேற்றுமை சரி, எச்சம் சரி, எதிர்மறை சரி, சந்திகூடச் சரி. பாடநூலில் நாங்கள் அந்த இடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மற்றவர்கள் தட்டுத்தடுமாறியதையும், அதற்கு வந்த பதில்களையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார் என்பது அந்த இரண்டு வாக்கியத்திலேயே தெரிந்தது. படிவத்தில் அதுவரை அவருக்கு இருந்த மதிப்பெண் சுழியம்.

இன்னொன்றையும் கவனித்தேன். இவரைப் போன்றவர்கள் சும்மா இருப்பதில்லை. குழுவின் தலைப்புக்குக் கீழே ‘டைப் செய்கிறார்’ என்று பெயரோடு தோன்றும், மறையும், மறுபடி தோன்றும், கடைசியில் எதுவும் வராது. தனியாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான்: விசைப்பலகை. ‘ந’வா, ‘ன’வா, ‘ண’வா என்று திரையே மூன்றைக் காட்டித் தேர்ந்தெடு என்கிறது. தப்பாகத் தொட்டால் எல்லாரும் பார்ப்பார்களே என்று அழித்துவிடுகிறார்கள். குரல் செய்தியாகவும் அனுப்பலாம் என்று சொன்ன பிறகு இவர்களில் சிலர் வாய் திறந்தார்கள். அதுவும் தயங்காத, தெளிவான தமிழில். (இதன் மறுபக்கமும் உண்டு. எழுதுகிறவர்களுக்கு விசைப்பலகையே சரியான சொல்லை ஊகித்து நீட்டிவிடுவதால், ‘ழ’கர ‘ள’கர வேறுபாடு அவருக்குத் தெரியுமா, தொலைபேசிக்குத் தெரியுமா என்று ஆசிரியரால் சொல்ல முடிவதில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

ஆய்வுகளும் இதையொட்டியே சொல்கின்றன. ஜென்னி பிரீஸ், பிளேர் நொனெக்கி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இணையக் குழுக்களில் எழுதாதவர்களிடமே ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். படிப்பதே போதுமாக இருந்தது என்பது முதல் காரணம். குழுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதும், மென்பொருளை இயக்க வரவில்லை என்பதும் பட்டியலில் இருந்தன. என் மாணவர்கள் சொன்னதும் இதுதானே. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோபு நீல்சன் 2006இல் எழுதிய 90-9-1 கணக்கை ஒரு நண்பர் நினைவூட்டினார்: நூற்றில் தொண்ணூறு பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர் ஓயாமல் எழுதுவார். அது பெரிய திறந்த குழுக்களுக்கானது. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எழுதாமல் படிப்பது இயல்பு என்பதை அது காட்டுகிறது.

இனி, நீங்கள் முன்வைத்த சொற்கள்.

> ‘மௌன வாசகர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

பொதுப் புழக்கத்துக்கு எனக்கு மறுப்பில்லை. மொழி வகுப்பில்தான் சிக்கல். ‘மௌன வாசிப்பு’ என்பது வாய்விட்டு வாசிப்பதற்கு எதிரான பயிற்சியாக ஆசிரியப் பயிற்சியில் நிலைபெற்ற சொல். மௌன வாசகர் என்றால் உதடு அசையாமல் படிக்கிறவர் என்று எங்கள் துறையில் பொருள்கொள்வார்கள். குறிப்பேட்டில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிக்கிறவர் திண்டாடிப்போவார்.

‘கேட்போர்’ அழகான, எளிய சொல். ஆனால் கேள் என்ற வினைக்குச் செவிகொடுத்தல், வினவுதல் என்று இரு பொருள். வகுப்பில் கேட்பவர் என்றால் கையுயர்த்திக் கேள்வி கேட்பவர். நாம் பெயர் தேடும் ஆளுக்கு நேர் எதிர். ‘பார்வையாளர்’ என்பதற்கு ஏற்கெனவே தலைக்குமேல் சுமை: அரங்கில் இருப்பவர், வலைத்தளத்துக்கு வருகிறவர், தேர்தலை மேற்பார்வையிடுகிறவர் எல்லாரும் அவரே. ‘விளிம்புநிலைப் பங்கேற்பாளர்’ என்றவர், ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் முன்வைத்த கருத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்: தொழில் பழக வந்தவர் ஓரத்தில் நின்று பார்ப்பதும் முறையான பங்கேற்பே, அங்கிருந்துதான் மெல்ல நடுவுக்கு வருவார் என்பது. கருத்து மிகப் பொருத்தம். ஆனால் தமிழில் விளிம்புநிலை என்றாலே ஒடுக்கப்பட்டோர் என்ற பொருள் ஊன்றிவிட்டது. அதை இங்கே இழுக்கக் கூடாது.

> ‘உள்வாங்குநர்’ என்பேன். அனுப்புநர், பெறுநர் வரிசையில் ஒட்டிவரும்.

இந்தப் பரிந்துரையோடுதான் எனக்கு அதிக நேரம் போயிற்று. இலக்கணம் சரி, ஓசை நன்று. ‘கடல் உள்வாங்கியது’ நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் மறுத்திருந்தார். ‘நர்’ சேர்ந்தால் ஆள் என்று தெளிவாகிவிடுவதால் அது பெரிய தடையில்லை. என் தயக்கம் வேறு. மொழி கற்றல் ஆய்வில் பிட் கார்டர் 1967இலேயே ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்: மாணவர் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்று, அதில் உண்மையில் உள்ளே போவது இன்னொன்று. முன்னதை உள்ளீடு என்கிறோம். பின்னதற்கு உள்வாங்கல் என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்க வேண்டும். குழுவில் படிக்கிற எல்லாரும் உள்வாங்கிவிட்டார்கள் என்று பெயரிலேயே சான்றிதழ் கொடுப்பதும் தவறு. படித்தார் என்பதுதான் நமக்குத் தெரியும். மிச்சத்தைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

> நன்னூலே வழிகாட்டுகிறது: ‘செவி வாயாக நெஞ்சு களனாக’. ‘செவிவாயர்’ என்றால் என்ன?

படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் நூற்பாவை அறியாத ஒருவருக்கு அந்தச் சொல் ஒன்றும் உணர்த்தாது. நன்னூலைத் தொட்டதால், அதே பாயிரத்தில் சற்றுத் தள்ளி வருவதையும் சொல்ல வேண்டும். ஆசான் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது காற்கூறுதான் என்கிறார் பவணந்தியார். உடன் கற்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரு காலும் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருமாம். வகுப்புக் குழுக்களை ஏன் நடத்துகிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் நூற்பா இதுதான். கேட்டுக்கொண்டிருப்பதற்கு மதிப்புண்டு, ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பாதிக் கல்வி நின்றுபோகும் என்று இரண்டையும் அது ஒருங்கே சொல்கிறது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் வந்து சேர்ந்ததும் இதற்குப் பக்கத்தில்தான்: ஆண்டுக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூடப் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தார்கள், மொழியைத் தாமே ஆக்கும் கட்டாயம் வேண்டும் என்றார் அவர்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் பழிக்கவும் கூடாது, புகழவும் கூடாது. ஒரு வகை மனிதர் என்று முத்திரை குத்தாமல் இப்போது அவர் நிற்கும் நிலையைக் காட்ட வேண்டும். வினையாகவும் ஆள வர வேண்டும்.

என் பரிந்துரை: நோக்கர்.

பார்ப்பதற்கும் நோக்குவதற்கும் உள்ள இடைவெளியைத் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோக்குவதில் கருத்தூன்றல் இருக்கிறது. நோக்கம் என்பதும் அங்கிருந்தே வருகிறது. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று கருவிகளுக்கு ‘நோக்கி’ அமைந்துவிட்டதால், ‘அர்’ ஈறு ஆளைப் பிரித்துக் காட்டும். ‘நோக்குநர்’ என்றும் சொல்லலாமே என்பார்கள், சொல்லலாம். இணையக் குழுக்களில் மாடரேட்டருக்கு மட்டுறுத்துநர், மட்டுறுத்தர் என்று இரு வடிவமும் புழங்கின, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எனக்குக் குறுகிய வடிவம் பிடிக்கிறது. படிவத்தின் கட்டத்துக்குள் அடங்கும்.

வினை ‘நோக்கியிருத்தல்’. “அவர் இரண்டு மாதமாக நோக்கியிருக்கிறார்” என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. புதுமொழிச் சூழலில் சேர்ந்தவர் பேசத் தொடங்குமுன் உள்ள இடைக்காலத்தை மொழி கற்றல் ஆய்வாளர் கிராஷன் போன்றோர் மௌன காலம் என்றார்கள். குழுவுக்குள் அதை ‘நோக்குகாலம்’ எனலாம். பங்கேற்புக் கட்டத்தைப் பிரித்து, நோக்கியிருத்தல், எழுதுதல், பிறருக்கு விளக்குதல் என்று மூன்றாக்கினால் சுழியம் என்ற பேச்சே எழாது. நோக்கியிருந்தாரா என்பதை எப்படி அறிவது? வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஒரு செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பார்க்க முடியும். ஆனால் அதை நான் மதிப்பெண்ணுக்குப் பயன்படுத்தமாட்டேன். திறந்ததற்கும் படித்ததற்கும் வேறுபாடு உண்டு, மாணவரைக் கண்காணிப்பதும் என் வேலையல்ல. வார இறுதியில் “இந்த வாரம் குழுவில் யாருடைய வாக்கியம் உங்களுக்குப் பயன்பட்டது, ஏன்?” என்று எனக்கு மட்டும் தனியாக எழுதச் சொல்கிறேன். குழுவின் பக்கமே எட்டிப்பாராதவரால் அதற்கு விடை எழுத முடியாது. அவருக்கு நோக்கர் என்ற பெயரும் பொருந்தாது; அவர் வராதவர், அவ்வளவே.

> ‘நோக்கர்’ இலக்கிய வாடை அடிக்கிறது. மாணவர் நாவில் வருமா?

நோக்கம், ‘வீட்டை நோக்கி நடந்தேன்’ என்பதெல்லாம் நாள்தோறும் புழங்குபவை. இணையம், மின்னஞ்சல், பின்னூட்டம், இடுகை எல்லாமே ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குழுக்களில் எழுதி எழுதித்தான் பழக்கத்துக்கு வந்தன. என் வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது, நெடுநாள் எழுதாத மாணவர் ஒருவர் குழுவிலேயே “நான் நோக்கர்” என்று போட்டார். லர்க்கர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவர் முன்வந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இரண்டு இடத்தில் உங்கள் உதவி வேண்டும். ஒன்று, கட்டைவிரலும் இதயமும் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர். அவரை நோக்கர் எனக் கூடாது என்பது என் நிலை. எதிர்வினை காட்டிவிட்டார், யாருடைய வாக்கியம் தனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டார். ஆனால் மொழியை ஆளவில்லை. இவருக்குத் தனிச்சொல் வேண்டுமா, வேண்டாமா? மற்றொன்று, குழுவில் எழுதாமல் ஆசிரியருக்கு மட்டும் தனிச்செய்தி அனுப்புகிறவர். மொழி வகுப்புகளில் இவர்கள் நிறையப் பேர். குழுவின் கண்ணில் நோக்கர், என் கண்ணில் நன்றாக எழுதுகிறவர். கணினித் துறை நண்பர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தால் சொல்லுங்கள். மறுப்பு இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த பருவத்துக்கான படிவத்தை அச்சிடுமுன் முடிவுசெய்ய வேண்டும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்