பல்லி சாப்பிடவில்லை, அவசரம்

மல்லிகைப்பந்தல் · செவ்வாய் இரவு 11:42
வணக்கம். மகனுடைய பல்லி 12 நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. புழுவைப் போட்டால் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. இன்றைக்கு உடம்பு முழுக்க வெளிறி, சாம்பல் பூசினதுபோல இருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதற்குள் சரியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சும்மாவந்தவன் · 11:50
எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் நாலு இருக்கிறது. எல்லாம் கொழுத்துத்தான் திரிகின்றன. ஒன்றை அனுப்பிவைக்கவா?

லண்டன்பொடியன் · புதன் காலை 12:05
அக்கா, என்ன இனம் என்று சொல்லவில்லையே. லெப்பர்ட் கெக்கோவா, கிரெஸ்டட் கெக்கோவா, பியர்டட் டிராகனா? வயது என்ன? எந்த ஊர்? தொட்டியில் சூடு எவ்வளவு? கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்? வால் இன்னும் தடிப்பாக இருக்கிறதா, மெலிந்துவிட்டதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கரிசல்காடு · 12:11
மணல். பந்தயம் கட்டுகிறேன், கீழே மணல்தான். கடையில் கால்சியம் மணல் என்று வண்ண வண்ணமாக விற்கிறார்கள். பல்லி அதை நக்கி நக்கி விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். கடைசியாக எப்போது வெளிக்குப் போனது?

செதில்72 · 12:30
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பதிலும் மாதம் ஒருமுறை எழுதியாகிறது. பழைய இழைகளைப் பத்து நிமிடம் படித்துவிட்டுக் கேட்டால் உங்களுக்கும் நல்லது, பல்லிக்கும் நல்லது. "என்ன மருந்து" என்று கேட்பவர்கள் உயிர்ப்பிராணி வளர்க்கலாமா என்பது என் நீண்டநாள் சந்தேகம்.

மல்லிகைப்பந்தல் · புதன் காலை 7:15
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. ஆண், 4 வயது. ரொறன்ரோவில் இருக்கிறோம். கீழே பேப்பர் டவல்தான், மணல் இல்லை. சூடு 75 காட்டுகிறது. வால் தடிப்பாகத்தான் இருக்கிறது. மகன் செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போனதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். அவன் எழுதி வைத்தபடிதான் எல்லாம் செய்கிறேன். மீல்வேர்ம் புழு, கால்சியம் பொடி, தண்ணீர்.

செதில்72 · 7:40
75 டிகிரியா? பல்லி வளர்க்கிறீர்களா, வேக வைக்கிறீர்களா?

ஈரக்காற்று · 7:44
செதில் ஐயா, கனடாவில் விற்கும் மீட்டர்களில் ஃபாரன்ஹீட்டும் இருக்கும். 75 என்றால் ஏறத்தாழ 24 செல்சியஸ். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.
(நான் சிங்கப்பூர். இங்கே இந்தப் பல்லியை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். படம் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.)

லண்டன்பொடியன் · 8:20
வெளிறியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம் அக்கா, அது தோல் உரிக்கப் போகிறது. உரிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால் இப்படிச் சாம்பல் நிறமாகும், சாப்பாடும் குறையும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும், அதனால் தரையில் ஒன்றும் கிடக்காது. மூடியுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பக்கவாட்டில் வாசல் வெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த பேப்பர் டவல் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் விரல் நுனியில் தோல் வளையம் போல இறுகும், விட்டுவைத்தால் விரலே போய்விடும்.
ஆனால் 12 நாள் என்பது தோலுக்கு அதிகம். அந்த 75 எங்கே அளந்தது? கண்ணாடியில் ஒட்டிய வட்ட மீட்டரா? அது அந்த இடத்துக் காற்றைத்தான் காட்டும். பல்லி வயிறு படுகிற தரையை அளக்க வேண்டும். சூடான பக்கத்தில் தரை 32 முதல் 34 செல்சியஸ், உங்கள் கணக்கில் 90 முதல் 93. குளிர்ந்த பக்கம் 75 இருந்தால் போதும். அப்புறம் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து எடை பாருங்கள்.

வாலறுந்தவன் · 9:02
குளிர்காலம் அம்மா, அவ்வளவுதான். ஆண் பல்லிகள் டிசம்பர், ஜனவரியில் வாரக்கணக்கில் வாயைத் திறக்காது. பொழுது சுருங்குவது அதற்குத் தெரியும். என்னுடையது போன வருடம் ஐந்து வாரம் விரதம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. வாலில் கொழுப்பு இருக்கிற வரை கவலை வேண்டாம்.

கரிசல்காடு · 9:15
பேப்பர் டவல் என்கிறார், சரி. அதற்கு முன்னால் என்ன இருந்தது? மூன்று மாதம் முன்பு விழுங்கிய மணல் கூட உள்ளே இருக்கலாம்.

வாலறுந்தவன் · 9:21
பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இதன் சொந்தக்காரர்கள் பேப்பர் டவலிலா படுத்திருக்கிறார்கள்? அங்கே மணல்தானே?

கரிசல்காடு · 9:33
இல்லை. அது பாறை இடுக்கும் இறுகிய களிமண்ணும் சரளையும் உள்ள வறண்ட நிலம். பாலைவனம் என்றால் உடனே ஒட்டகமும் மணல்மேடும் நினைவுக்கு வந்துவிடும் நமக்கு. காலைப் பாருங்கள், மணலில் ஓடுகிற காலா அது?

செதில்72 · 9:50
இருவரும் பாதிதான் சரி. போதிய சூடும் கால்சியமும் உள்ள வளர்ந்த பல்லி, மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து இறுக்கிய தரையில் நன்றாகவே வாழும். அடைப்பு வருவது பெரும்பாலும் குளிரில் கிடப்பவற்றுக்கும் சத்துக் குறைந்தவற்றுக்கும். இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

சும்மாவந்தவன் · 10:08
பாட்டி கேட்கச் சொன்னார்: சாப்பிடாத பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன்?

ஈரக்காற்று · 10:15
விழாது. இந்தப் பல்லிக்குக் காலில் ஒட்டும் திண்டு கிடையாது, சுவர் ஏறாது. நம் சுவர்ப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. பாட்டியைப் பார்த்துக் கண் சிமிட்டும், அதற்கு மேல் பலன் ஒன்றும் இல்லை.

மல்லிகைப்பந்தல் · புதன் மாலை 6:30
எடை 61 கிராம். மகனுடைய கொப்பியில் ஆகஸ்ட் மாதம் 64 என்று இருக்கிறது. தோசைக்கல் பார்க்க வாங்கின துப்பாக்கி மாதிரி வெப்பமானி ஒன்று இருந்தது, அதால் தரையை அளந்தேன். ஒரு பக்கம் 70, மற்றப் பக்கமும் 70.

லண்டன்பொடியன் · 6:41
இரண்டு பக்கமும் ஒன்றா? அப்படியென்றால் அடியில் உள்ள சூட்டுப் பாய் வேலை செய்யவில்லை. எடை போனது பெரிதல்ல, 64இல் மூன்று கிராம்தான். பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் மருத்துவரிடம் ஓடச் சொல்லியிருப்பேன். இன்றைக்குத் தயவுசெய்து புழு போட வேண்டாம், வாயைத் திறந்து ஊட்டவும் வேண்டாம். குளிரில் வயிற்றுக்குள் போனது செரிக்காது, கக்கிவிடும். அதற்கே அது தெரிந்துதான் தின்னாமல் இருக்கிறது. பாயின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

மல்லிகைப்பந்தல் · 6:58
இல்லை. அது எரிய வேண்டுமா?

மின்கம்பி · 7:10
பல்லியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வேலை கரண்ட். 12, 15 நாளுக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது?

மல்லிகைப்பந்தல் · 7:16
ஒன்றும் மாறவில்லை. மகனுடைய அறை குளிர் என்று தொட்டியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து வைத்தோம், அவ்வளவுதான்.

மின்கம்பி · 7:19
அவ்வளவுதானா! அந்த அறைக் கூரையில் விளக்கு இருக்கிறதா? இல்லையென்றால், வாசல் பக்கச் சுவரில் எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்கள். வட அமெரிக்க வீடுகளில் ஸ்டாண்டு விளக்கு செருகுவதற்காகப் பிளக்கில் ஒரு பாதியை அந்தச் சுவிட்சோடு இணைத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருந்தால் மேல் பாதி செத்திருக்கும், கீழ் பாதியில் கரண்ட் இருக்கும், அல்லது மாறி இருக்கும். போன் சார்ஜரைச் செருகிச் சோதியுங்கள்.

செதில்72 · 7:45
தொட்டியை இடம் மாற்றியதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நாற்பது பதில் மிச்சம்.

ஈரக்காற்று · 7:47
எண்ணிப் பாருங்கள், இருபதுகூட வரவில்லை.

வாலறுந்தவன் · 8:30
எனக்கு இப்போதும் குளிர்கால விரதம்தான் என்று படுகிறது. பாய் வேலை செய்திருந்தாலும் தின்றிருக்காது.

கரிசல்காடு · 8:36
பாயே செத்துக் கிடக்கிறது, விரதமாம். நானே மணலை விட்டுக் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

வாலறுந்தவன் · 8:40
ஐந்து வாரம் என்னுடையது தின்னவில்லை. பாய் சூடாகத்தான் இருந்தது. அதற்கென்ன சொல்கிறீர்கள்?

லண்டன்பொடியன் · 9:05
அண்ணன்மாரே, அதைத் தனி இழையில் பேசலாமே. அக்கா, கரண்ட் வந்ததும் தெர்மோஸ்டாட்டின் உணரி வயர் பாய்க்கு நேர் மேலே, தரையோடு படிந்து இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியை மாற்றியபோது விலகியிருந்தால் பாய் அளவுக்கு மீறிச் சுட்டு வயிற்றைப் பொசுக்கும். 90 தாண்டி நின்றபின் இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு இருட்டுகிற நேரத்தில் ஒரே ஒரு சின்னப் புழு. தின்னாமல் விட்ட புழுவைத் தொட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் தின்னாவிட்டால், அல்லது வால் மெலிந்துகொண்டே போனால், எச்சத்தை எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் போங்கள்.

மல்லிகைப்பந்தல் · திங்கள் காலை 6:50
சுவிட்ச்தான். அது எதற்கு என்று 9 வருடமாக இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கீழ்ப் பிளக்குக்கு மாற்றியதும் சிவப்பு விளக்கு வந்தது. தரை இப்போது 91. வெள்ளி இரவு தோல் உரித்தது, சனி இரவு மூன்று புழு. மகன் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நல்லாப் பார்த்திருக்கிறீர்கள்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நன்றி, வேலைக்கு நேரமாகிறது.

லண்டன்பொடியன் · 7:30
மிகவும் சந்தோஷம் அக்கா. விரல்களைப் பார்த்தீர்களா? தோல் மிச்சம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில், கால் மட்டும் நனையும்படி, 10 நிமிடம் நிற்கவைத்துவிட்டு ஈரப் பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டி எடுங்கள். வாலைப் பிடிக்க வேண்டாம், கழன்றுவிடும்.

லண்டன்பொடியன் · வியாழன் இரவு 10:12
அக்கா, விரல்கள்?

கரிசல்காடு · வெள்ளி காலை 8:01
மகன் முன்பு மணல் போட்டிருந்தானா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.