மறதி டெஸ்ட்ல 30க்கு 23 வந்திருக்கு, முழு நியூரோசைக்காலஜி டெஸ்ட் தேவையா? தமிழிலா மலையாளத்திலா?

வேலந்தாவளம்_வாசி:
பெரியப்பாவுக்கு வயசு 61, கேரள-தமிழ்நாடு எல்லையில கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுல பேசறது தமிழ், 10ஆவது வரை படிச்சது மலையாளம் மீடியம். ஒரு வருசமா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றார். எம்.ஆர்.ஐ.யில மூளை வயசுக்கு ஏத்த மாதிரிதான் சுருங்கியிருக்குன்னாங்க. மோக்கான்னு ஞாபகசக்தி, யோசனை எல்லாம் சோதிக்கற சின்ன டெஸ்ட், அந்தப் பேப்பர்ல 30க்கு 23. இப்ப ஞாபகம், கவனம் எல்லாத்தையும் விரிவாப் பாக்கற முழு நியூரோசைக்காலஜி டெஸ்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. 23 வந்தாலே டிமென்சியாங்கற மறதி நோய்தானா? எந்த மொழியில எடுக்கணும்? போறதுக்கு முன்னாடி என்ன பாத்துக்கணும்?

கல்பாத்தி_காற்று:
23ஐ மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. மோக்காவுல 26ம் அதுக்கு மேலயும் வந்தா நார்மல்னு சொல்வாங்க. 12 வருசமோ அதுக்குக் கம்மியாவோ படிச்சவங்களுக்கு 1 மார்க் கூட்டிப் போடணும். அதைக் கூட்டினாங்களான்னு பேப்பர்ல பாருங்க, அவசரத்துல பல இடத்துல விட்டுப்போற விசயம். கம்மியாப் படிச்சவங்களுக்கு 26ங்கற கோடே உசரம்தான், நல்லா இருக்கறவங்களும் அதுல மாட்டுவாங்க.

அதைவிட முக்கியம், மார்க் எங்க போச்சுங்கறது. கனசதுரம் வரையறது, கடிகாரம் வரையறது, 100ல இருந்து 7 7ஆக் கழிக்கறது இதுல போயிருந்தா படிப்பும் பழக்கமும்கூடக் காரணமா இருக்கலாம். 5 வார்த்தையைக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கற இடத்துல 0 வாங்கியிருந்தா கதை வேற. முழு டெஸ்ட் அதைத்தான் பிரிச்சுக் காட்டும்.

உதாரணத்துக்கு, 15 வார்த்தைப் பட்டியலை 5 தடவை படிச்சுக் காட்டி ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. நடுவுல வேற பட்டியல் ஒன்னு குடுத்துக் குழப்பிவிட்டு, 20-30 நிமிசம் கழிச்சு முதல் பட்டியலைக் கேப்பாங்க. கடைசியா, வேற வார்த்தைகளோட கலந்து வாசிச்சு, "இது இருந்துச்சா?"ன்னு கேப்பாங்க. தானாச் சொல்ல வராம, கேட்டா மட்டும் சரியா அடையாளம் சொன்னா, விசயம் உள்ள பதிஞ்சிருக்கு, எடுக்கறதுலதான் சிக்கல். மனச்சோர்வு, சரியாத் தூங்காதது, மூளையின் சின்ன ரத்தக்குழாய்க் கோளாறு இதிலெல்லாம் அப்படி வரும். அடையாளமும் தெரியல, இல்லாத வார்த்தையை இருந்துச்சுன்னும் சொல்றார்னா, பதியறதுலயே கோளாறு. அல்சைமர் பக்கம் டாக்டர் யோசிக்கறது அப்பத்தான். "மறதி"ன்னு நாம ஒரே சொல்லுல சொல்ற ரெண்டு சங்கதி இது. எம்.ஆர்.ஐ. படம் இதைச் சொல்லாது.

மீனாட்சிபுரம்_ரோடு:
மொழிக்கு வர்றேன், நம்ம எல்லையில இதான் பெரிய வம்பு. ஒரு நிமிசத்துல மிருகப் பேர் சொல்லச் சொல்வாங்க. பெரியப்பா மலையாளத்துல நாயை "பட்டி"ம்பார், நரியை "குறுக்கன்"ம்பார். கோயமுத்தூர்ல மலையாளம் தெரியாதவங்க எழுதினா நாயும் நரியும் கணக்குல வராது. மலையாளத்துக்காரங்க எடுத்தா, வீட்டுத் தமிழ் வார்த்தை அடிபடும். அதனால ரெண்டும் புரியற சைக்காலஜிஸ்டா கேளுங்க. எந்த மொழியில வந்தாலும் எண்ணுவாங்க, ஆனா நாயும் பட்டியும் ஒன்னுதான். வார்த்தைப் பட்டியலை மட்டும் ஒரே மொழியில, அவர் தூக்கத்துல பேசற மொழியில எடுக்கறது நல்லது. எண் வேலையை அவர் பள்ளிக்கூடத்துல எண்ணிப் பழகின மொழியில வெச்சுக்கலாம்.

எண்ணையும் இங்கிலீஷ் எழுத்தையும் மாத்தி மாத்திக் கோடு இழுக்கற ட்ரெயில் டெஸ்ட் குடுத்தா, அதுக்குப் பதிலா கலர் ட்ரெயில்ஸ் இருக்கான்னு கேளுங்க. அதுல எழுத்தே கெடையாது, எண்ணும் ரெண்டு கலரும்தான்.

யாரோட ஒப்பிடறாங்கங்கறதையும் கேட்டுக்கங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி 2004ல வெளியிட்ட டெஸ்ட் தொகுப்புல வயசு, ஆண் பெண், படிப்பு வாரியா அளவுகோல் இருக்கு, ஆனா 65 வயசு வரைக்கும்தான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியில ஞாபகசக்திக்குன்னே கிளினிக் இருக்கு. எங்க போனாலும் எடுக்கறவங்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கணும்.

கல்பாத்தி_காற்று:
முன்னாடி செய்ய வேண்டியது: வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை பாக்கலைன்னா முதல்ல அது. காலைல நேரம் வாங்குங்க, 2லிருந்து 4 மணி நேரம் ஆகும். சாப்பிட்டுட்டுப் போகணும், சர்க்கரை மாத்திரை போடறவர்னா கண்டிப்பா. கண்ணாடியும் காது மெஷினும் மறந்துட்டுப் போனா மொத்த மார்க்கும் வீண். மாத்திரைச் சீட்டு எல்லாம், சளி மாத்திரை உட்பட, எடுத்துட்டுப் போங்க. வீட்டுல நெட்ல பாத்து ஒத்திகை குடுக்காதீங்க, அப்புறம் அளவுகோலே செல்லாது. டெஸ்ட் ரூமுக்குள்ள நீங்க இருக்க வேண்டாம். பக்கத்துல இருந்து பதில் எடுத்துக் குடுக்கறது நம்மாளுங்க பழக்கம். உங்ககிட்டத் தனியாக் கேப்பாங்க. பணக் கணக்கு, மருந்து, பஸ் ஏறிப் போறது இதுல எது எப்போலிருந்து மாறுச்சுன்னு எழுதி வெச்சுக்கங்க.

ரிப்போர்ட்ல பர்சென்டைல் 16ன்னா 100க்கு 16 மார்க்னு படிச்சு அழுவாங்க. அவர் வயசும் படிப்பும் உள்ள 100 பேர்ல ஏறக்குறைய 84 பேர் மேலன்னு அர்த்தம், அவ்வளவு மோசமில்ல. 20 டெஸ்ட் வெச்சா நல்லா இருக்கறவருக்கும் ஒன்னு ரெண்டு தாழும். ஒரே திறமையைப் பாக்கற ரெண்டு மூனு டெஸ்ட் சேந்து தாழ்ந்தாத்தான் கவனிக்கணும்.

வேலந்தாவளம்_வாசி:
ரொம்ப நன்றிங்க. ராத்திரி அல்பிரசோலம்னு தூக்க மாத்திரை போடறார். டெஸ்டுக்கு முந்தி நிறுத்திரட்டுமா?

கல்பாத்தி_காற்று:
நீங்களா நிறுத்தாதீங்க. ரொம்ப நாளாப் போடறவர் திடீர்னு விட்டா தூக்கம் போயி பதட்டம் வரும், வலிப்பு வரைக்கும் போகலாம். ஆனா அந்த மாத்திரையே ஞாபகத்தைக் குறைக்கும், அதனால எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க. படிப்படியாக் குறைச்சு, சில வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கலாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.