அக்காவும் தம்பியும் வேலையை விடாமல் கைத்தொழில் நடத்துவது: ஒரே கணக்கா, தனித்தனியா?

கேள்வி – பதிவிட்டவர்: சுடுமண்

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாகச் சுடுமண் நகைகள் செய்து, தெரிந்தவர்கள் வழியாகவும் கண்காட்சிகளிலும் விற்று வருகிறேன். என் தம்பி தமிழ் எழுத்துகளை ஓவியமாக வரைவதில் வல்லவன். அவன் வரைந்த வாழ்த்து அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திருமண அழைப்பிதழுக்கும் வரைந்து தர முடியுமா என்று பலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவன் குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, அண்மையில் ஈரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்துவிடுவான்.

மண்ணைச் சலித்து ஊறவைப்பதும் பிசைவதும் உருக்கொடுப்பதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடக்கின்றன. செய்தவை நிழலில் காயும் நாட்களில் நான் அலுவலகத்தில் இருப்பதால், அம்மாதான் பகலில் தட்டுகளைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார். ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் உமியும் வறட்டியும் அடுக்கி, தம்பியின் துணையோடு சுட்டு எடுக்கிறேன்.

இருவரும் ஒரே பெயரில் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஒரே வங்கிக் கணக்கில் வரவு செலவு பார்த்து, லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எங்கள் இருவர் வேலைக்கும் இதனால் இடையூறு வராதா, உடன்பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சரிவருமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் – பழைய கோப்பு

சகோதரி, முதலில் தங்கள் தம்பியின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். மற்றவை அதற்குப் பிறகுதான். நான் அரசுப் பணியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன்படி, அரசுப் பணியாளர் ஒருவர் முன் அனுமதி பெறாமல் எந்த வணிகத்திலும் ஈடுபடக் கூடாது. கூட்டு நிறுவனத்தில் பங்குதாரராகக் கையெழுத்திடுவது ஐயத்துக்கு இடமில்லாமல் அந்தத் தடைக்குள் வரும். கலை, இலக்கியம் சார்ந்து எப்போதாவது செய்யும் பணியை விதிகள் வேறாகப் பார்க்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரு கவியரங்கத்துக்குப் பதாகை எழுதித் தருவதும், மாதந்தோறும் ஆர்டர் எடுத்து அழைப்பிதழ் வரைந்து பணம் பெறுவதும் ஒன்றல்ல, பின்னது தொழில்.

தம்பி புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் தகுதிகாண் பருவத்தில், அதாவது பணி உறுதியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில் இருப்பார். அந்தக் காலத்தில் வரும் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பணிவரன்முறையிலிருந்து (பணியை முறைப்படுத்தும் ஆணையிலிருந்து) முதல் பதவி உயர்வு வரை தொடர்ந்து வந்து தொல்லை தரும். ஆகவே, என்ன வரைகிறார், எந்த நேரத்தில் வரைகிறார், பணம் பெறுவாரா என்பவற்றை மறைக்காமல் எழுதி, தம் அலுவலகத் தலைவர் வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை அவர் பெயரில் விற்பனை வேண்டாம். அவருடைய பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டவே வேண்டாம். விசாரணை என்று வந்தால் அது இருவரையும் சிக்கலில் விடும்.

தங்கள் நிறுவனத்துக்கும் பணி நியமன ஒப்பந்தம் ஒன்று இருக்கும். வெளிவேலை பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். 2022-இல் ஐ.டி. துறையில் இந்த விவகாரம் பெரிதாக எழுந்தபோது, விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தது. இன்ஃபோசிஸ் நிறுவனமோ முன் அனுமதியோடு சில வெளிவேலைகளைச் செய்யலாம் என்றது. மண் நகை எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் போட்டியாகாது என்றாலும், மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வதே நல்லது.

பதில் – பேரேடு

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் வரி ஆலோசனைத் தொழிலில் இருப்பவன். தம்பிக்கு அனுமதியே கிடைத்தாலும் கூட்டு நிறுவனத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் பங்குதாரர்களுக்கு லாபம் சமமாகப் பிரியும். உழைப்புக்கென்று தனி ஊதியம் கிடையாது. அதாவது, வாரம் முழுவதும் மண்ணில் கை வைத்தவருக்கும் ஞாயிறு மட்டும் வந்தவருக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே பங்கு. தவிரவும், நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தம் சொந்தச் சொத்தோடு பொறுப்பாவார். வருமான வரியிலும் கூட்டு நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு வரம்பு எதுவும் இல்லை. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ் வரியும் உண்டு.

தாங்கள் தனி உரிமையாளராக இருந்தால், நகை வருமானம் தங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தால், மொத்த விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி அல்லது யு.பி.ஐ. வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டினால் போதும். சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 படிவம் இனி தங்களுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாகத் தொகை பாராமல் பதிவு வேண்டும். ஆனால் அரசு அறிவிக்கையில் பட்டியலிடப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. தங்கள் நகை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை உள்ளூர் ஆடிட்டரிடம் காட்டி உறுதி செய்த பிறகு பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அனுப்புங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

பதில் – சுங்குடி

நான் மதுரையில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் தங்கை ஒரு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். நான் சுங்குடித் துப்பட்டாக்களுக்கு முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி விற்கிறேன்; அவள் துணிப்பைகள் தைத்து விற்கிறாள். கண்காட்சி மேசை எங்களுக்குப் பொது, நோட்டுப் புத்தகம் தனித்தனி. மேசை வாடகையைப் பாதி பாதியாகக் கொடுக்கிறோம். அவள் என் சாயத் துணியை எடுத்தால் மீட்டருக்கு இன்ன விலை என்று எழுதிக்கொள்கிறோம், அவள் தைத்த உறையில் நான் துப்பட்டாவை வைத்துக் கொடுத்தால் உறைக்கும் விலை உண்டு. அக்கா தங்கைக்குள் இப்படியெல்லாம் எழுதுவதா என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். எழுதி வைப்பதால்தான் நாங்கள் பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே ஏற்படுவதில்லை, மற்றதையெல்லாம் நிம்மதியாகப் பேசுகிறோம் என்பதே என் பதிலாக இருந்தது.

தங்கள் கேள்வியில் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூவர் தெரிகிறார்கள். ஈரம் போகாத ஜிமிக்கியைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மேற்புறம் மட்டும் வேகமாகக் காய்ந்தாலும் விரிசல் விடும். அப்படி நேராமல் பகல் முழுவதும் தட்டுகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர் அம்மா. தங்கள் தொழிலில் மிக நுட்பமான கட்டம் அவர் கையில் இருக்கிறது, லாபத்தைச் சரிபாதியாக்கும் கணக்கில் அவர் பெயர் இல்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கைத்தொழில்கள் பலவும் வீட்டிலிருக்கும் தாயின் பகல் நேரத்தை நம்பித்தான் நடக்கின்றன. அதை உதவி என்று சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு மனம் ஒப்பாத செயல். ஒவ்வொரு சூட்டுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், போடுங்கள்.

சுடுமண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் பேசிவிட்டேன், வரும் வாரம் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கிறான். பதில் வரும்வரை அழைப்பிதழ் ஆர்டர்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நகைத் தொழில் என் பெயரில் தனியாக நடக்கும். அனுமதி கிடைத்தால் அவன் தன் தொழிலைத் தன் பெயரில் தொடங்குவான், கண்காட்சி மேசையைப் பகிர்ந்துகொள்வோம். அம்மாவைப் பற்றி எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். பணம் வேண்டாம் என்றார். பிறகு, சூட்டுக்கு முன் எந்தத் தட்டு தயார் என்று முடிவு செய்பவர் தாமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். இரண்டுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறேன்.

ஒரு துணைக் கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயவே மாட்டேன் என்கிறது, தீபாவளி, பொங்கல் ஆர்டர்களோ அப்போதுதான் குவிகின்றன. என்ன செய்யலாம்?

சுங்குடி

சாயத் துணிக்கும் எங்களுக்கு அதே நெருக்கடிதான். புரட்டாசிக்குள் வழக்கமாக விற்கும் வடிவங்களைச் சுட்டு இருப்பு வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் வண்ணம் தீட்டுவதையும் கொக்கி மாட்டுவதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொறித்த நகை போன்ற தனி ஆர்டர்களை ஆயுத பூஜையோடு நிறுத்தி, தையில் மீண்டும் தொடங்குவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அலுவலக வேலை நெருக்கும் வாரங்களில் இரவு கண்விழிக்க வேண்டிய நிலையும் வராது.