சொல் தேவை: பிரைஸ் டேக்கர் (வெள்ளிக்கிழமைக்குள்)

சுங்கை சிப்புட் ஆசிரியை:
வணக்கம். மாலை வகுப்புப் பொருளாதாரக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரப்பர் விற்கும் மலேசியாவைப் போல, உலகச் சந்தை சொல்லும் விலையை அசைக்க முடியாமல் அதற்கே விற்பவரை, அதாவது ஆங்கிலத்தில் 'பிரைஸ் டேக்கர்' என்பவரை, தமிழில் என்ன சொல்வது? 'விலை ஏற்பவர்' என்று எழுதியிருந்தேன். "நாடு எப்படி டீச்சர் 'அவர்' ஆகும்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். சரியான கேள்வி.

சிரம்பான்:
'விலை ஏற்பி' போதும். இகர விகுதி இரண்டு திணைக்கும் வரும். மண்வெட்டியும் இ, தொழிலாளியும் இ.

பினாங்கு:
தம்பி, உயிரியலில் ஏற்பி (ரிசெப்டர்) வேறு பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட, ஏற்றல் என்றால் இரத்தல். ஔவை 'ஏற்பது இகழ்ச்சி' என்றாள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய கையை ஏந்திய கையாக்குவதா? விலை என்ற சொல்லுக்குப் பகுதி 'வில்'. அதற்கு எதிர்ச்சொல் 'கொள்'. கொள்முதல், கொள்வினை எல்லாம் அங்கிருந்துதான். ஆகவே 'விலைகொள்நர்'.

சுங்கை சிப்புட் ஆசிரியை:
ஐயா, கொள்நர் என்றால் பிள்ளைகள் வாங்குபவர் என்றுதான் நினைப்பார்கள். பொருளே தலைகீழாகிவிடும். என் அப்பா கட்டிப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போவார். நானும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். தராசில் போடுவார்கள், தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிய விலையால் பெருக்குவார்கள். அப்பா பேரம் பேசிப் பார்த்ததில்லை. அந்தக் கடைக்காரரும் விலையை முடிவுசெய்தவர் இல்லை. இந்தக் காட்சிக்குப் பொருந்தும் சொல்தான் எனக்கு வேண்டும்.

கிள்ளான்:
சொல் எதுவானாலும், நாடு முழுவதையும் அப்படி அழைக்காதீர்கள். 1922-இல் ஆங்கிலேயர் ஸ்டீவன்சன் திட்டம் போட்டு மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து விலையை ஏற்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை. அங்கே உற்பத்தி பெருகியது, 1928-இல் திட்டம் முடிந்தது. அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது, விலை விழுந்தது, நம் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஆனால் பணத்தின் விலையைப் பாருங்கள்: 1998 செப்டம்பரில் மலேசிய அரசே அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்டது. 2005 ஜூலை வரை அது நின்றது. செம்பனை எண்ணெய்க்கோ உலகமே நம் புர்சா மலேசியா சந்தையின் விலையைத்தான் பார்க்கிறது. எனவே 'ரப்பரில் விலை ஏற்பி' என்று சரக்கைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஈப்போ:
'பிரைஸ் டேக்கர்' என்றே விட்டால் என்ன? தேர்வில் கேட்பது தமிழிலா?

சிரம்பான்:
அண்ணே, தேர்வுக்கு மட்டுமா படிக்கிறார்கள்? வீட்டில் தாத்தாவுக்குச் சொல்ல வேண்டாமா?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
சரி, மணி பதினொன்று. 'விலை ஏற்பி' என்றே அனுப்புகிறேன், சரக்கின் பெயரோடு.

பினாங்கு:
அனுப்புங்கள் அம்மா. என் மறுப்பு மட்டும் இங்கே இருக்கட்டும். உங்கள் அப்பா எதையும் ஏற்கவில்லை, கொடுத்தார்.