டைலோசிஸ்: குழலடைப்பா, குழாய்த்தூர்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மரத்தின் நீர்க்குழாய்கள் உள்ளுக்குள்ளேயே நிரம்பிப்போவதை ஆங்கிலத்தில் ‘டைலோசிஸ்’ (tylosis) என்கிறார்கள். வெள்ளை ஓக் பதிவுக்காக அதற்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா சொன்ன ‘குழலடைப்பு’ பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். மனம் ஒப்பவில்லை. அடைப்பு என்றால் நீக்க வேண்டிய கோளாறு என்றுதான் காதில் விழுகிறது. இந்த மரத்துக்கோ அதுதான் பெருமையே.

நேற்று சிவப்பு ஓக் துண்டு ஒன்றையும் வெள்ளை ஓக் துண்டு ஒன்றையும் விரல் நீளத்துக்கு, நார் ஓடும் திசையிலேயே அறுத்துக்கொண்டேன். சிவப்பின் ஒரு முனையைச் சோப்பு நீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் நுரை பொங்குகிறது. வெள்ளையில் கன்னம் வலிக்க ஊதியும் ஒன்றும் வரவில்லை. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளையின் துளைகளில் கண்ணாடித்தாளைக் கசக்கித் திணித்தாற்போல் ஒரு மினுமினுப்பு.

அது வெளியிலிருந்து வந்த குப்பை இல்லை. மரம் வைரம் பாயும்போது, நீர்க்குழாயை ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள் சுவரிலுள்ள நுண்குழிகள் வழியே உள்ளே புடைத்து, குழாயை நிரப்பிவிடுகின்றன. திரவம் கசிய வழியில்லை என்பதால்தான் அமெரிக்காவில் போர்பன் விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுகிறார்கள். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய். பசையும் இல்லை, பலகைகளைச் சேர்க்க ஆணியும் இல்லை, இரும்பு வளையம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. பிரெஞ்சு ஓக்கில் குழாய்கள் இப்படி நிரம்புவது குறைவு என்பதால் பீப்பாய்ப் பலகையை நார் வழியே பிளந்தெடுக்க வேண்டும்; அமெரிக்க வெள்ளை ஓக்கை ரம்பத்தாலேயே அறுக்கலாம். 1797-இல் பாஸ்டனில் நீரில் இறக்கிய ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பக்கப் பலகைகளும் வெள்ளை ஓக்தான்.

‘குழல்குமிழ்’ என்று இன்னொரு நண்பர் சொன்னது வடிவத்துக்குப் பொருத்தம். ஆனால் வறட்சிக் காலத்தில் இதே குழாய்களில் காற்றுக்குமிழ் புகுந்து நீரோட்டம் அறுவதும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

எனக்குத் தோன்றுவது ‘தூர்தல்’. கிணறு தூர்ந்துவிட்டது என்கிறோமே, அதே சொல். பக்கத்துச் சுவரே சரிந்து கிணறு தூர்வதுபோல் இங்கேயும் பக்கத்துச் செல்லே வந்து நிரப்புகிறது. வினையாகவும் புழங்க வருவது பெரிய வசதி: “வெள்ளை ஓக்கின் வைரத்தில் குழாய்கள் தூர்ந்திருக்கும், சிவப்பு ஓக்கில் பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.” விளக்கக் குறிப்பு இல்லாமலே தச்சருக்கும் புரியும். ‘குழலடைப்பு’ வைத்து இதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், இழுத்துக்கொண்டு போகும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தனிச் செல்பகுதியைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘உட்புடைப்பு’ எனலாம்.

முதலில் ‘குழல்தூர்வு’ என்றுதான் எழுதினேன். இலக்கணப்படி அது ‘குழற்றூர்வு’ ஆகிவிடும். தூர்வு என்ற சொல்லே கண்ணுக்குத் தெரியாது. ‘குழாய்த்தூர்வு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை, இந்த நீர்க்குழாய்க்குப் பாடநூல்கள் சொல்லும் ‘சைலக்குழாய்’ என்பதோடும் ஒத்துப்போகும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் ஐயா, இல்லையென்றால் பதிவில் இதையே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்.