கால் நாடி அடைப்பைக் கண்டறியும் முகாம்: எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

கொட்டாஞ்சேனைத் தொண்டர்:
எங்கள் சனசமூக நிலையத்தின் வருடாந்த மருத்துவ முகாமில் குருதியழுத்தமும் சீனியும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. இம்முறை கால் நாடிகளில் அடைப்பு உள்ளதா என்பதையும் பார்க்க விரும்புகிறோம். நாடியில் குருதி ஓடும் ஒலியைக் கேட்க உதவும் டொப்ளர் கருவி ஒன்று இரவலாகக் கிடைக்கும். ஒரு ஞாயிறு காலையில் 200 பேரளவில் வருவார்கள். அனைவருக்கும் செய்யலாமா?

ஓய்வுபெற்ற தாதி, வெள்ளவத்தை:
முடியாது தம்பி. ஆளை நிமிர்ந்து படுக்கவைத்து 5 முதல் 10 நிமிடம் ஆறவிட்ட பின்னரே இரு கைகளிலும், ஒவ்வொரு கணுக்காலில் இரண்டு நாடிகளிலும் அழுத்தத்தை அளக்க வேண்டியிருப்பதால், பழகிய கைக்கே ஒருவருக்குக் கால் மணித்தியாலம் தேவைப்படும். ஒரு கருவியை வைத்துக்கொண்டு நான்கு மணித்தியாலத்தில் 16 பேரைப் பார்த்தாலே பெரிய காரியம். வீட்டில் பாவிக்கும் தானியங்கிக் கருவியைக் காலில் கட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அடைப்புள்ள காலில்தான் அது அதிகம் பிழைவிடும்.

பொது மருத்துவர்:
அக்கா சொன்ன கணக்கே போதும். ஆட்களைத் தெரிந்தெடுத்தே அழைக்க வேண்டும். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானோரிடம் நடந்த ஆய்வொன்றில் இந்நோய் ஏறத்தாழ 3.6 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. அறிகுறி எதுவுமற்றவர்களுக்கு இச்சோதனையைப் பொதுவாகச் செய்வதை ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவும் 2018 இல் கூறியது. ஆகவே புகைப்பவர்கள், 50 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளர்கள், நடக்கும்போது கெண்டைக்காலில் வலி எடுத்துச் சற்று நின்றால் தணிகிறது என்பவர்கள் ஆகியோரை முதலில் அழையுங்கள்.

கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.90 அல்லது அதற்குக் குறைவாக வருவது அடைப்பைக் குறிக்கும். நீண்டகால நீரிழிவில் நாடிச்சுவர் கல்சியம் படிந்து இறுகிவிடுவதால் எண் 1.40 ஐத் தாண்டலாம், அல்லது அடைப்பு இருந்தும் சாதாரணமாகத் தோன்றலாம். அத்தகையவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தைத்தான் அளக்க வேண்டும். விரல் கறுத்தவர்களையும், இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பவர்களையும் முகாம் வரை காத்திருக்கச் சொல்லாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனைத் தொண்டர்:
நன்றி டொக்டர். எண் குறைவாக வந்தவர்களிடம் என்ன கொடுத்தனுப்புவது?

பொது மருத்துவர்:
இரு கால்களின் எண்களையும் குறித்த கடிதம் ஒன்றைக் கொடுங்கள். எந்தக் கிளினிக் அவர்களை ஏற்கும் என்பதை முகாமுக்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் இச்சோதனையை இவ்வருடம் தொடங்காமல் விடுவதே நல்லது.

ஓய்வுபெற்ற தாதி, வெள்ளவத்தை:
டொப்ளர் கிடைக்காதவர்களுக்கும் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் நாடி துடிக்கிறதா, விரலிடுக்கில் புண் உள்ளதா என்று பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.